கழுவினது போதுமா? உணவு படும் இடங்களில் கிருமி நீக்கம்: கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பிறந்தால் பர்கூர், சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கம் ரோட்டோரமெல்லாம் பெங்களூரா மாங்காய் லாரிகள் நிற்கும். இந்தப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில், பதினொரு சீசன் வேலை பார்த்தேன். இப்போது பால் சங்கம், மகளிர் குழு மாவு மில், நிப்பட்டு (தட்டை) போடுகிற வீடு, கறிக்கடை என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போய், மேசையையும் கத்தியையும் தொட்டியையும் எப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறேன். எங்கே போனாலும் திரும்பத் திரும்ப இதே கேள்விகள்தான் வருகின்றன. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

தினமும் சோப்புப் போட்டுத் தேய்ச்சுதான் கழுவறோம். அப்புறம் தனியா மருந்து எதுக்குங்க்கா?

கழுவினால் அழுக்கு போகும். அழுக்கோடு கிருமியில் பெரும்பகுதியும் போகும். ஆனால் எல்லாம் போகாது. மிச்சம் நிற்கும் கொஞ்சத்தைக் கொல்லத்தான் மருந்து. ஈ.கோலை மாதிரியான ஒரு கிருமிக்குச் சூடும் ஈரமும் தீனியும் தோதாகக் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ராத்திரி 9 மணிக்கு மேசையில் ஒன்றே ஒன்று தங்கியது என்று வையுங்கள். விடிகாலை 4 மணிக்கு நீங்கள் கடை திறக்கும்போது கணக்குப்படி அது இருபது லட்சத்தைத் தாண்டியிருக்கும். கண்ணுக்கு மேசை ராத்திரி இருந்த மாதிரியேதான் இருக்கும்.

இங்கே வரிசைதான் உயிர்நாடி. முதலில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு தண்ணீர் அடித்து, சோப்பு போட்டுத் தேய்த்து, சோப்பு போக அலச வேண்டும். அதற்குப் பிறகுதான் கிருமிநாசினி. கடைசியில் துணியால் துடைக்காமல் காற்றில் காயவிட வேண்டும். நிறைய இடங்களில் நான் பார்ப்பது என்னவென்றால், அவசரத்தில் தேய்ப்பதை விட்டுவிட்டு நேரே குளோரினை ஊற்றிவிடுகிறார்கள். கூழ் ஒட்டிய மேசையில் குளோரின் கூழோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். கிருமியிடம் போய்ச் சேரும்போது அதில் சத்தே இருக்காது. காசும் போச்சு, வேலையும் ஆகவில்லை. அழுக்கின் மேல் ஊற்றிய மருந்து மருந்தே இல்லை என்று நான் போகிற இடத்திலெல்லாம் சொல்கிறேன்.

எங்க மெஷின் முகம் பார்க்கிற மாதிரி பளபளன்னு இருக்கு. அதுலயுமா?

ஒரு ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் மாதம், லோடு குவிந்துகொண்டிருந்த நேரம். கொதிநிலைக்குப் போவதற்கு முன் எடுக்கும் கூழ் மாதிரியில் ஈஸ்ட் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறியது. கழுவும் பதிவேட்டைப் பார்த்தால் காஸ்டிக் அளவு, சூடு, நேரம் எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி ஷிஃப்டில் ஃபிட்டர் அண்ணன், "எதுக்கும் இந்த வால்வைக் கழட்டிப் பார்த்துடலாம்மா" என்றார். வெளியே எஸ்எஸ், அதாவது எவர்சில்வர், பளபளப்பு. உள்ளே ரப்பர் கேஸ்கெட்டை ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பினார். அடியில் மோதிரம் போல ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம். விரலால் தொட்டேன். சளி மாதிரி நூலாக இழுபட்டது. கள் பானையைத் திறந்த மாதிரி வாசனை. கேஸ்கெட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. மூன்று நாளும் அந்த வெடிப்பிலிருந்துதான் கூழுக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கேஸ்கெட்டை மாற்ற பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த மாதிரியிலிருந்து எண்ணிக்கை இறங்கியது.

அந்த வழவழப்புக்கு பயோஃபிலிம் என்று பெயர். கிணற்றுப் படியில் பாசி பிடிக்கிற மாதிரிதான். கிருமிகள் முதலில் பரப்பில் ஒட்டும், பிறகு தங்களைச் சுற்றிப் பசை போல ஒன்றைச் சுரந்து அதற்குள் குடியிருக்கும். அந்தப் பசையைத் தாண்டி மருந்து உள்ளே போவது கடினம். தனியாகத் திரியும் கிருமியைக் கொல்லும் அளவு மருந்து இதைக் கொல்லாது. கையால் தேய்த்து அந்தப் படலத்தை உடைத்தால்தான் வழி. போல்ட் மரை, வெல்டிங் சேர்ந்த இடம், கன்வேயர் பெல்ட்டின் அடிப்பக்கம், மேசைக் காலின் குழாய், மிக்ஸி பிளேடின் அடி, கத்தியில் கைப்பிடி சேருமிடம் இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள், மோந்து பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

எங்க போர் தண்ணி ஒரே உப்பு. சோப்பு நுரைக்கறதே இல்ல. அதுல கழுவினா ஆகுமா?

இந்த இரண்டு மாவட்டத்துக்கும் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். ஆனால் கழுவும் வேலையில் தொல்லை செய்வது ஃபுளோரைடு இல்லை, கடினத்தன்மை. அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்.

அது மூன்று விதத்தில் கெடுக்கிறது. சோப்பை நுரைக்க விடாமல் திரித்துவிடும், அழுக்கு பெயராது. அடுத்து, காய்ந்த இடத்திலெல்லாம் வெள்ளையாகப் படியும். எவர்சில்வர் குடத்தின் அடியில் வருமே, அதே உப்புப் படிவுதான். பால் பட்ட இடமாக இருந்தால் பாலின் புரதமும் சேர்ந்து கல்லாக இறுகிவிடும், பால்கல் என்பார்கள். சொரசொரப்பான அந்தக் கல்லில் கிருமி நன்றாக ஒளிந்துகொள்ளும். மூன்றாவது, கிருமிநாசினியின் வீரியத்தையே குறைத்துவிடும். குவாட் (குவாட்டர்னரி அம்மோனியம்) வகை மருந்துகளில் பல கடினமான நீரில் பலமிழக்கும். குளோரினுக்குத் தண்ணீரின் பி.எச்., அதாவது அது புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, முக்கியம். பி.எச். 7.5-ல் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் குளோரின் பாதி இருக்கும். 8.5 ஆகிவிட்டால் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். போதாக்குறைக்கு ஹைப்போகுளோரைட் என்று கேனில் வரும் குளோரின் கரைசலே பி.எச்.-ஐ ஏற்றும்.

என்ன செய்யலாம்? துணி சோப்பை விட்டுவிட்டு, கடின நீருக்கென்றே தயாரித்த டிடர்ஜென்ட் வாங்குங்கள். குடிநீர்க் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிற இடமாக இருந்தால் கடைசி அலசலுக்கும் மருந்து கலக்கவும் அதை ஒதுக்கிவையுங்கள், தரை கழுவ போர் தண்ணீர் போதும். வாரம் ஒருமுறை உணவு ஆலைக்கான ஆசிட் கிளீனரால் உப்புப் படிவை எடுத்துவிடுங்கள். போர் தண்ணீரை ஒருமுறை லேபில் கொடுத்துக் கடினத்தன்மையும் பி.எச்.-ம் என்ன என்று எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மருந்து வாங்கும்போது அந்தத் தாளைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

ஆசிட்ல கழுவிட்டு அப்படியே குளோரின் ஊத்திடலாமா, ஒரே வேலையா முடியும்ல?

கூடவே கூடாது. குளோரினும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் ஆளைக் கொன்றுவிடும். அம்மோனியா கலந்த கிளீனரோடும் குளோரினைச் சேர்க்கக் கூடாது. ஆசிட் போட்ட நாளில் நன்றாக, இரண்டு முறை, வெறும் தண்ணீரில் அலசிய பிறகுதான் மற்றது. இரண்டு கேன்களையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், ஒரே பக்கெட்டில் மாற்றி மாற்றிக் கலக்காதீர்கள். புதிதாக வேலைக்கு வந்த பெண்ணிடம் முதல் நாளே சொல்ல வேண்டியது இதைத்தான்.

குளோரின் எவ்வளவு கலக்கணும்? கடைக்காரர் ஒரு மூடிங்கறார், பக்கத்து யூனிட்ல ரெண்டு மூடிங்கறாங்க.

மூடி கணக்கு வேண்டாம். உணவு படும் பரப்புக்கு 100 முதல் 200 பிபிஎம் வரை. பிபிஎம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் இத்தனை மில்லிகிராம் என்று பொருள். கேனில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். வேண்டிய பிபிஎம்மை லிட்டரால் பெருக்கி, அதைச் சதவீதத்தின் பத்து மடங்கால் வகுத்தால் எத்தனை மில்லி ஊற்ற வேண்டும் என்று வந்துவிடும். 5 சதவீத ஹைப்போகுளோரைட், 10 லிட்டர் தண்ணீர், 200 பிபிஎம் என்றால் 40 மில்லி. 10 சதவீதம் என்றால் 20 மில்லி. மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுக் குவளை ஒன்றை வாங்கிப் பக்கெட்டிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

பிளீச்சிங் பவுடராக இருந்தால், 30 சதவீதம் குளோரின் உள்ள பவுடரில் 10 லிட்டருக்கு 200 பிபிஎம் வர ஏழு கிராம் போதும். அதை முதலில் ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டிக்கு ஆபரேட்டர் கலப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான்.

கலந்த கரைசல் பரப்பில் குறைந்தது இரண்டு நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். தெளித்த கையோடு துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. தண்ணீரின் பி.எச். 8-க்கு மேல் என்றால் ஐந்து நிமிடம் விடுங்கள். வாசனை போட்ட பிளீச், கழிப்பறைக்கு விற்கும் பிளீச் இரண்டும் உணவு பக்கமே வரக் கூடாது. கேன் வெயிலில் இருந்தால் குளோரின் தானாகவே குறைந்துகொண்டு வரும். நம்மூர் மே மாத வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், ரொம்ப வேகமாகக் குறையும். சின்ன கேனாக வாங்குங்கள், வாங்கிய தேதியைக் கேன் மேல் எழுதுங்கள்.

கொஞ்சம் தூக்கலாப் போட்டா இன்னும் நல்லாக் கொல்லாதா?

200-க்கு மேல் போனால் நன்மை சேராது. எஸ்எஸ் பரப்பில் ஊசி குத்தின மாதிரி குழி விழும், அந்தக் குழிகளே அப்புறம் கிருமிக்கு வீடாகும். எஸ்எஸ் 304 தகட்டில் ராத்திரி முழுக்க குளோரின் தண்ணீரை நிறுத்திவைத்து மேசையைப் பாழாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். உணவில் குளோரின் வாடை ஏறும். வேலை செய்கிறவர்களின் கை வெடிக்கும், வெடித்த கையிலிருந்து வேறு கிருமி உணவுக்குள் போகும். கை வெடிப்பிலும் புண்ணிலும் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஒருமுறை நஞ்சைச் சுரந்துவிட்டால், உணவை மறுபடி கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

குளோரின் இல்லாம வேற என்ன இருக்கு?

பெரிய மாங்கூழ் ஆலைகளில் பெராசிடிக் ஆசிட் அதிகம். வேலை முடிந்ததும் அது வினிகர் அமிலமாகவும் ஆக்சிஜனாகவும் தண்ணீராகவும் பிரிந்துவிடும். குழாய்க்குள் சுற்றவிட ஏற்றது. ஆனால் கேனில் இருக்கும் கெட்டிக் கரைசல் கண்ணையும் தோலையும் பொசுக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் தொடக் கூடாது. குவாட் மருந்து வாடை இல்லாதது, உலோகத்தை அரிக்காது, 200 முதல் 400 பிபிஎம் என்று லேபிளில் போட்டிருக்கும் அளவைப் பிடியுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் குவாட் செத்துவிடும், அதனால் அலசல் சுத்தமாக இருக்க வேண்டும். தயிர் போடுகிற இடத்தில் குவாட் வேண்டாம் என்பது என் கருத்து. பாத்திரத்தில் கொஞ்சம் தங்கினாலும் உறைமோரில் இருக்கும் நல்ல கிருமியையும் அடக்கிவிடும், தயிர் உறையாமல் நிற்கும்.

வெந்நீர் மட்டும் போதாதா? எங்கம்மா காலத்துல எல்லாம் அதுதானே.

போதும், சூடு இருந்தால். கத்தி, கரண்டி, சல்லடை மாதிரி முக்கக்கூடிய சாமான்களை 77 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் அரை நிமிடம் முழுக்க முக்கிவைத்தால் கிருமி நீக்கம் ஆகிவிடும். மேசை மேல் ஊற்றும் வெந்நீர் கணக்கில் வராது. அடுப்பிலிருந்து எடுத்து வந்து ஊற்றி, தகட்டில் பரவுவதற்குள் சூடு பாதியாகிவிடும். ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள், கை வைத்துப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

பால் பட்ட பாத்திரத்தில் எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றாதீர்கள். பாலின் புரதம் வெந்து பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். முதலில் வெதுவெதுப்பான நீரில் பாலைப் போக்கி, பிறகு டிடர்ஜென்ட் போட்ட சூடான நீர், கடைசியில்தான் கொதிநீர்.

மஞ்சத் தண்ணி, வேப்பிலை, எலுமிச்சம்பழத் தோல் இதெல்லாம் ஆகாதா?

கொல்லைப்புறத்து மஞ்சளில் கிருமியை எதிர்க்கும் குணம் இருப்பது உண்மை. ஆனால் மேசை மேல் தெளிக்கும் மஞ்சள் தண்ணீரில் அந்தச் சத்து எவ்வளவு, எத்தனை கிருமி சாகும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. பிறர் சாப்பிடப் போகும் உணவுக்கு அளந்து சொல்லக்கூடியதையே பயன்படுத்துங்கள். வாசலுக்கு மஞ்சள் தெளிப்பதை நான் தடுக்கவில்லை.

மாங்காய் புளிப்புதானே, கூழுல கிருமி வளருமா?

மாங்கூழின் புளிப்பில் நோய்க் கிருமிகள் பெரும்பாலும் பெருகாது, ஆனால் சால்மோனெல்லா செத்துவிடாமல் தாக்குப்பிடிக்கும். ஈஸ்ட்டுக்கும் பூஞ்சைக்கும் அந்தப் புளிப்பு ஒரு பொருட்டே இல்லை. இன்னொன்று அலிசைக்ளோபேசிலஸ் என்ற கிருமி. மண்ணிலிருந்து பழத்தோலில் ஏறி வரும், புளிப்பையும் சூட்டையும் தாங்கும் வித்து உருவில் கூழுக்குள் போகும். நோய் தராது. மாதங்கள் கழித்து அந்தக் கூழில் செய்த ஜூஸில் ஆஸ்பத்திரி வாடை அடிக்க வைத்துவிடும். 215 கிலோ டிரம்மில் ஏற்றுமதி ஆன சரக்கு அப்படித் திரும்பி வந்தால் சின்ன ஆலை தாங்காது. மண் போகப் பழத்தைக் கழுவுவதுதான் அதற்கு முதல் மருந்து.

அப்ப பழம் கழுவற தொட்டித் தண்ணியை எப்ப மாத்தணும்?

தண்ணீர் கலங்கினதும் மாற்ற வேண்டும், குளோரினை மணிக்கொருமுறை பார்க்க வேண்டும். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1999 கடைசியில் அமெரிக்காவில் 13 மாநிலங்களில் 78 பேருக்கு சால்மோனெல்லா நோய் வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். தேடிப் போனதில் பிரேசில் நாட்டு ஒரே பண்ணையின் மாம்பழம் என்று தெரிந்தது. பழ ஈயைக் கொல்லப் பழத்தை வெந்நீரில் முக்கி, சூடு ஆறக் குளிர்ந்த நீரில் போட்டிருக்கிறார்கள். சூடான பழம் குளிர்ந்த நீரில் விழுந்ததும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், காம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்தத் தண்ணீரில் கிருமி இருந்தால் அதுவும் உள்ளே போகும். அதற்கப்புறம் தோலை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை.

நம்ம ஊரிலும் மதியம் இரண்டு மணி வெயிலில் லாரியில் நின்ற பழத்தை நேரே போர் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுகிறோம். பழத்தை நிழலில் ஆறவிட்டு இறக்குங்கள். தொட்டித் தண்ணீர் பழத்தைவிடக் குளிர்ந்ததாக இருக்கக் கூடாது. காம்பு கிள்ளிய இடமும் அடிபட்டு வெடித்த பழமும் திறந்த வாசல் மாதிரி, வெடித்ததைத் தொட்டிக்கே அனுப்பாதீர்கள்.

2011-ல் கொலராடோவில் கிர்ணிப்பழம் கழுவி அடுக்கும் கூடம் ஒன்றில் லிஸ்டீரியா என்ற கிருமி புகுந்து 147 பேர் நோயுற்று, 33 பேர் இறந்தார்கள். அங்கே பார்த்தபோது தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது, கழற்றிக் கழுவ முடியாத பழைய உருளைக்கிழங்கு மெஷினைப் பழத்துக்கு வைத்திருந்தார்கள். செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூப்பிட்டால் நான் கேட்கும் முதல் கேள்வி, இது முழுசாகக் கழறுமா என்பதுதான்.

ஃபிரிட்ஜுல, கூல் ரூம்ல வச்சா கிருமி செத்துடும்ல?

சாகாது, தூங்கும். லிஸ்டீரியா தூங்கவும் செய்யாது, 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகும். கர்ப்பிணிகளுக்கு அது கருவையே பாதிக்கும். கூல் ரூமின் தரைச் சாக்கடை, கதவு ரப்பர், ஃபேன் அடியில் சொட்டும் தண்ணீர் இவைதான் அதன் இடங்கள். சாக்கடையை அதிவேக ஹோஸால் அடிக்காதீர்கள். அந்தத் தூவானம் மேசை வரை போகும். சாக்கடைக்குத் தனி பிரஷ், தனி நிறம், அது வேறெங்கும் போகக் கூடாது.

பால் சங்கத்து அலுமினிய கேனுக்கு என்ன செய்யறது?

காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும், அதனால் அதைத் தொடாதீர்கள். அலுமினியத்துக்கு என்று லேபிளில் எழுதியிருக்கும் டிடர்ஜென்டில் தேய்த்து, அலசி, கொதிநீரோ நீராவியோ காட்டுங்கள். கழுத்து உள்வளைவும் மூடியின் ரப்பர் வளையமும்தான் கவனிக்க வேண்டிய இடங்கள். கழுவிய கேனை மூடி போட்டு வைக்கவே கூடாது. ஸ்டாண்டில் கவிழ்த்து, காற்று போகக் காயவிடுங்கள். சாயங்காலம் கழுவி மூடிய கேனைக் காலையில் திறந்தால் வருகிற அந்தப் புழுங்கின வாடை கிருமி ராத்திரி முழுக்க வேலை பார்த்ததற்கு அடையாளம்.

நாங்க புளி, கேழ்வரகு மாவு, கடலை உருண்டை. தினமும் தண்ணி ஊத்திக் கழுவலாமா?

உங்களுக்கு நான் சொல்வது மற்றவர்களுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக இருக்கும். தண்ணீரை உள்ளே கொண்டு வராதீர்கள். உலர்ந்த மாவில் சால்மோனெல்லா மாதக்கணக்கில் சும்மா கிடக்கும், பெருகாது. ஈரம் பட்ட அன்றுதான் எழும். 2008-09-ல் அமெரிக்காவில் ஒரு வேர்க்கடலை ஆலையிலிருந்து பரவிய சால்மோனெல்லாவில் 714 பேர் நோயுற்றார்கள், ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த ஆலையின் கூரை ஒழுகியது என்பது விசாரணையில் வந்த விவரம்.

மாவு மில்லில் பிரஷ், சுரண்டி, வேக்குவம் இவற்றால் எடுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, மெஷின் ஆறிய பிறகு, 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். மாவுத் தூசியும் ஆல்கஹாலும் இரண்டுமே தீப்பிடிப்பவை, பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. காற்றழுத்தக் குழாயால் ஊதுவது கிருமியை அறை முழுக்கப் பரப்பும் வேலை. ஐப்பசி அடைமழையில் கூரையை நிமிர்ந்து பாருங்கள். வீட்டுத் திண்ணையில் புளி தட்டிக் கொட்டை எடுப்பவர்கள், தட்டும் கல்லைக் கழுவினால் வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே புளியை வையுங்கள்.

கறிக்கடை புளியங்கட்டையை எப்படிச் சுத்தம் பண்றது?

கட்டைக்குக் குளோரினை நம்பாதீர்கள். மரமே குளோரினைத் தின்றுவிடும், வெட்டுத் தழும்புக்குள் மருந்து இறங்காது. கடை மூடும்போது சுரண்டியால் கொழுப்பும் துகளும் போகச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கம்பி பிரஷால் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, நிமிர்த்தி வைத்து வெயிலில் காயப் போடுங்கள். தழும்பு ஆழமாகிவிட்டால் ஆசாரியிடம் கொடுத்து மேல்பரப்பை இழைத்து வாங்குங்கள். கோழிக்குத் தனிக் கட்டை கட்டாயம். ஒகேனக்கல்லில் மீனை வெட்டின பலகையிலேயே வெங்காயம் நறுக்கும் கடைகளைப் பார்த்தால் நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன், சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

தேய்க்கற நாரு, கரித்துணி?

இதுதான் எல்லா இடத்திலும் ஓட்டை. மருந்து போட்டுச் சுத்தமாக்கிய மேசையை நாள் முழுக்க ஈரமாகக் கிடந்த கரித்துணியால் துடைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். துணியை மதியமும் ராத்திரியும் கொதிக்க வைத்துக் காயப் போடுங்கள். தேங்காய் நார் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். பிரஷை மருந்துக் கரைசலிலேயே ஊறப்போட்டு வைக்காதீர்கள். கரைசல் செத்த பிறகு அது கிருமி ஊறும் பக்கெட்.

கலந்த மருந்து மிஞ்சிப்போனா நாளைக்கு ஆகுமா?

ஆகாது, கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் புதிதாகக் கலக்க வேண்டும்.

சரியா ஆச்சான்னு நமக்கு எப்படித் தெரியும்?

குளோரின் பட்டைத்தாள் வாங்குங்கள், 200 பிபிஎம் வரை காட்டுவதாகப் பார்த்து. முக்கி எடுத்து நிறத்தை ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். பஞ்சாயத்தில் வைத்திருக்கும் குளோராஸ்கோப் இதற்கு உதவாது. குழாயில் 0.2 பிபிஎம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான கருவி அது. கழுவிய தகட்டில் தண்ணீரைத் தெளியுங்கள். ஒரே படலமாக வடிந்தால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருக்கிறது. மாதம் ஒருமுறையாவது ஸ்வாப், அதாவது பஞ்சுக்குச்சியால் பரப்பைத் துடைத்த மாதிரி, எடுத்து லேபுக்கு அனுப்புங்கள், கழுவச் சிரமமான இடத்தில் எடுக்க வேண்டும். பளபளக்கும் நடுமேசையில் எடுத்துக் காட்டும் ரிப்போர்ட்டால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் வந்தது. அதன் கீழ் 2011-ல் வந்த உரிம விதிகளில் நான்காம் அட்டவணை இருக்கிறது. சிறு வியாபாரி, ஆலை, பால், இறைச்சி, சமையற்கூடம் என்று பகுதி பகுதியாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் பகுதியை மட்டும் அச்செடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். கழுவியதை நாள், நேரம், மருந்தின் அளவு, கையெழுத்தோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அதிகாரி கேட்பதற்கு மட்டும் இல்லை, ஏதாவது கெட்டுப்போனால் எந்த நாளில் என்று நீங்களே பின்னோக்கிப் போய்ப் பார்க்க அந்த நோட்டுதான் இருக்கும்.

ஆடி முடிஞ்சா பூட்டிடுவோம். அடுத்த சித்திரையிலதான் மெஷினைத் திறப்போம். அதுக்கு என்ன செய்யறது?

பூட்டும் நாளில் செய்யும் வேலைதான் அடுத்த சீசனைத் தீர்மானிக்கிறது. கடைசி லோடு முடிந்த அன்றே, அலுப்பாக இருந்தாலும், முழுக் கழுவல் ஓட்டுங்கள்: தண்ணீர், ஒன்றரை சதவீத காஸ்டிக் 75 டிகிரியில், மறுபடி தண்ணீர், பிறகு ஆசிட், மறுபடி தண்ணீர். அதன் பிறகு குழாய்களின் தாழ்ந்த முனைகளைக் கழற்றித் தண்ணீரை முழுக்க வடியுங்கள். பம்ப்பின் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீர் நின்றாலும் எட்டு மாதத்தில் அது சாக்கடை. கேஸ்கெட்களை எல்லாம் கழற்றி, தேய்ந்ததை அன்றே எறிந்துவிட்டு, நல்லதை உலர்த்திப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். குளோரினை மெஷினுக்குள் விட்டுவைக்காதீர்கள், தகடு குழியாகிவிடும். திறந்த வாய்களில் துணி அடைக்காமல் வலை கட்டுங்கள், எலியும் பல்லியும் வராது, காற்று போகும்.

சித்திரையில் திறக்கும்போது டார்ச்சோடு ஒரு ஆள் முன்னால் போகட்டும். புது கேஸ்கெட் மாட்டி, காஸ்டிக் கழுவல் ஒருமுறை முழுக்க ஓட்டி, மருந்து சுற்றவிட்டு, முதலில் வரும் கூழைப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். அன்றைக்கே ஸ்வாப் எடுத்து அனுப்பி, ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு லாரிக்காரரை வரச் சொல்லுங்கள்.